கையை எடுத்த பிறகு நிற்பது

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. பிசியாலஜி வகுப்பில் ‘நியூரோபிளாஸ்டிசிட்டி’, மருத்துவமனை வழிகாட்டிப் பலகையில் ‘பிளாஸ்டிக் சர்ஜரி’, ஓவியக் கண்காட்சிக்குப் போய்வந்த தோழி தந்த கையேட்டில் ‘பிளாஸ்டிக் கலைகள்’, விடுதி வாசலில் ‘பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை’. “இதில் எது மாமா உண்மையான பிளாஸ்டிக்? மற்றதெல்லாம் சும்மா பெயரை ஒட்டிக்கொண்டதா?” என்று கேட்டிருக்கிறாய். முதலாமாண்டு படிக்கிறவளுக்கு வரவேண்டிய கேள்விதான். பரீட்சையில் வராது என்பதற்காக இதைத் தள்ளிப்போடாதே. இன்னும் ஐந்தாண்டுகளில் உன் முன்னே ஆயிரக்கணக்கான கலைச்சொற்கள் வந்து நிற்கும். அவற்றை எப்படி எதிர்கொள்வது என்பதை இந்த ஒரு சொல்லை வைத்தே கற்றுக்கொள்ளலாம்.

நான்கும் உண்மையான பிளாஸ்டிக்தான். ஆனால் நான்கும் ஒன்றல்ல. பைதான் மூலம், மற்றவை அதனிடம் பெயரை இரவல் வாங்கின என்று நீ நினைக்கிறாய். நடந்தது தலைகீழ். களிமண்ணைப் பிசைந்து உருச்செய்வதைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது பிளாஸ்டிக். எலும்பு முறிவுக்குப் போடும் பிளாஸ்டரும் அந்தக் குடும்பம்தான். எட்வர்ட் ட்ஸைஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் பிளாஸ்டிக் அறுவை பற்றிய கையேட்டை 1838இல் வெளியிட்டார். லியோ பேக்லண்ட் நியூயார்க்கை ஒட்டிய தம் ஆய்வகத்தில் பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்து, முழுக்கவும் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கான பேக்கலைட்டை உருவாக்கியது 1907இல். அறுவைச் சிகிச்சைக்கு அந்தப் பெயர் வைத்த காலத்தில் நீ கையில் பிடிக்கும் பை உலகத்திலேயே இல்லை. நம் அரசு மருத்துவமனைகள் பிளாஸ்டிக் சர்ஜரியை ‘நெகிழி அறுவை’ என்று எழுதாமல் ‘ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை’ என்று எழுதுவதும் இதோடு பொருந்துகிறது.

பேக்கலைட்டிலேயே ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் வீட்டுக் குக்கரின் கறுப்புக் கைப்பிடி பெரும்பாலும் அந்த வகைதான். அச்சில் வைத்துச் சூடேற்றி அழுத்தும்போது ஒரே ஒரு முறை உருவை ஏற்கும். இறுகிய பிறகு எவ்வளவு சூடு காட்டினாலும் இளகாது. கருகும், இல்லாவிட்டால் விரிசல் விடும். பிளம்பர் தீயில் காட்டி வாயை அகலப்படுத்துகிற பிவிசி குழாய் அப்படியல்ல, சூடு பட்டால் இளகும். இரண்டையும் நாம் பிளாஸ்டிக் என்றே சொல்கிறோம். பிளாஸ்டிக் என்று பெயர் பெற்ற பொருள்களுக்குள்ளேயே அந்தத் தன்மையை வைத்திருப்பவையும் உண்டு, ஒரேயடியாக இழந்துவிட்டவையும் உண்டு.

எனவே சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பொருள் முழுவதும் கைக்கு வந்துவிடும் என்று நம்பாதே. கிடைப்பது கொஞ்சம்தான். வெளியிலிருந்து ஒரு விசை வருகிறது. பொருள் உடையாமல் உருமாறுகிறது. கையை எடுத்த பிறகும் அந்த உரு நிற்கிறது. இந்த மூன்றும் எல்லாத் துறையிலும் பொது. விசை எது, எவ்வளவு வேண்டும், எந்த எல்லைக்குள் இது நடக்கும், உரு நின்றதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதெல்லாம் துறைக்குத் துறை வேறு. ஆகவே ஒரு துறைக்குள் நுழையும்போது, ‘இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?’ என்பதோடு நிற்காதே. ‘இதற்கு நீங்கள் வைத்திருக்கும் சோதனை என்ன? எல்லை என்ன?’ என்று கேள். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

என் துறையிலிருந்தே தொடங்குகிறேன். பாலிடெக்னிக் மண் ஆய்வகத்தில் நான் ஆண்டுதோறும் மாணவர்களைச் செய்யவைத்த சோதனை இது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சிறு உருண்டையாக்கி, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து விரல்களால் உருட்ட வேண்டும். உருட்ட உருட்ட அது நூலாக நீளும். 3 மில்லிமீட்டர் பருமனுக்கு வந்தும் முறியவில்லை என்றால் ஈரம் இன்னும் அதிகம். திரும்ப உருண்டையாக்கி மறுபடி உருட்டு. விரல் சூட்டிலும் காற்றிலும் ஈரம் குறைந்துகொண்டே வரும். சரியாக 3 மில்லிமீட்டரில் நூல் பொடிப்பொடியாக முறியத் தொடங்குகிற தருணத்தில் நிறுத்தி, அந்தத் துணுக்குகளை எடைபோட்டு, சூட்டடுப்பில் உலர்த்தி, மறுபடி எடைபோட்டால் ஈரத்தின் விழுக்காடு வரும். அதுதான் அந்த மண்ணின் ‘பிளாஸ்டிக் எல்லை’. அதற்குக் கீழே மண் உதிரும். மேலே போய்க்கொண்டே இருந்தால் இன்னொரு எல்லை வரும். அதைத் தாண்டினால் மண் சேறாகி வழியும். இரண்டுக்கும் நடுவேதான் மண் கைக்கு வசப்படும். இந்த எல்லைகளை 1911இல் வகுத்தவர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு விவசாய வேதியியலர். கட்டடம் கட்டுகிறவர்கள் அதைப் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள்.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இந்த இரண்டு எல்லைகளுக்கும் உள்ள தூரம் மிக அதிகம். அதனால்தான் மழையில் உப்பி, கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்து, மேலே கட்டிய வீட்டின் சுவரையும் பிளக்கிறது. ஆற்று மணலை நூலாக உருட்டவே முடியாது. ஆய்வு அறிக்கையில் அதற்கு நேரே ‘நான்-பிளாஸ்டிக்’ என்று எழுதுவோம். எங்கள் துறையில் பிளாஸ்டிக் என்பது பாராட்டுமல்ல, வசவுமல்ல. ஓர் எண், அவ்வளவுதான். ஓவியப் பின்னணியோடு வந்த மாணவர் ஒருவர், நல்ல பிளாஸ்டிக் தன்மை உள்ள மண் நல்ல மண்தானே என்று கேட்டார். பானை வனைகிறவருக்கு ஆம், அடித்தளம் போடுகிறவருக்கு இல்லை. அதே மண், அதே எண்.

இரும்புக்கு வா. கட்டடம் எழும்பும் இடத்தில் கம்பி கட்டுகிறவரைக் கவனித்திருக்கிறாயா? தூணுக்கான ரிங்கை வளைக்கும்போது வேண்டிய கோணத்தை விடச் சற்று அதிகமாகவே வளைப்பார். சாவியை எடுத்ததும் கம்பி கொஞ்சம் பின்வாங்கிச் சரியான கோணத்துக்கு வந்து நிற்கும். பின்வாங்கிய அந்தக் கொஞ்சம் மீட்சி. நின்றுவிட்ட மிச்சம் பிளாஸ்டிக். ‘எஃப்இ 500’ என்று முத்திரை குத்திய கம்பியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 நியூட்டன் விசை வரை இழுத்து, பிறகு விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும். அதைத் தாண்டினால் திரும்பாது. இங்கே சோதனை நீரல்ல, இழுவிசை. அணுக்களின் வரிசை முழுதும் ஒரே நேரத்தில் நழுவுவதில்லை. வரிசைக்குள் இருக்கும் ஒரு பிசகு இடம்விட்டு இடம் நகர்ந்துபோவதால்தான் உலோகம் உடையாமல் உருமாறுகிறது. 1934இல் இதை டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூவர் தனித்தனியே சொன்னார்கள். மைக்கேல் பொலானி முதலில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர் என்பது உனக்குப் பிடிக்கும்.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடம் வரையும்போது இந்தத் தன்மையை நாங்கள் வேண்டியே பயன்படுத்துகிறோம். தூண் நிமிர்ந்து நிற்க வேண்டும். உத்திரம், தூணோடு சேரும் இடத்துக்கு அருகே, முதலில் வளைந்துகொடுக்க வேண்டும். கம்பி அங்கே நிரந்தரமாக நீளும்போது நிலம் கொடுத்த ஆற்றல் அதிலே செலவாகிவிடும். வீடு சேதப்படும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். ஆனால் இதற்கும் அளவு உண்டு. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துப் பார். முதல் வளைவைவிட அடுத்தது கடினமாக இருக்கும். சீக்கிரமே அறுந்து கையோடு வரும்.

இனி உன் துறை. சுசுருத சம்ஹிதை, அறுந்த மூக்கைத் திரும்ப அமைக்கும் முறையைச் சொல்கிறது. முதலில் மூக்கின் அளவுக்கு ஓர் இலையைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும். அந்த அளவில் கன்னத்துத் தோலை, ஒரு பக்கம் உடலோடு ஒட்டியபடியே, செதுக்கி எடுத்து மூக்கில் பொருத்த வேண்டும். நூற்றாண்டுகள் கழித்து, 1794 அக்டோபரில், லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இதழில் ஒரு கடிதம் வந்தது. திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கை இழந்தார். புனே பகுதியில் செங்கல் சூளை வேலை செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் மிச்சத்தின் மேல் வைத்து மூக்காக வடித்தார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து ஓரம் வரைந்தார். வரைந்த அளவில் தோலை உரித்து, புருவ நடுவில் ஒரு காம்பை மட்டும் அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி மூக்கில் பொருத்தினார். அந்தக் காம்பு வழியாகத்தான் புதிய மூக்குக்கு ரத்தம் போகும். தோல் புது இடத்தில் வேர்பிடித்த பிறகே, மூன்று வாரத்துக்கும் மேல் கழித்து, காம்பை அறுத்தார். இதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் இதே முறையைச் செய்து பார்த்து, 1816இல் நூலாக வெளியிட்டார். அங்கிருந்துதான் இது ஐரோப்பா முழுவதும் பரவியது.

இங்கே பிளாஸ்டிக் எது என்று பார். மெழுகு பிளாஸ்டிக். தோல், உண்மையில், மெழுகு போல இளகுவதில்லை, இழுத்தால் மீளும். அதை உருவில் நிறுத்துவது தையலும், ரத்த ஓட்டமும், ஆறும் காயமும். ஆகவே இந்தத் துறையின் சோதனை வேறு. ஒட்டிய தோலை விரலால் அழுத்தி விடுவார்கள். வெளுத்த இடத்தில் சில நொடிகளில் நிறம் திரும்ப வேண்டும். திரும்பினால் தோல் உயிரோடு இருக்கிறது. எவ்வளவு அழகாக வடித்தாலும் நிறம் திரும்பாவிட்டால் அது வெறும் வடிவம்தான். உன் பேராசிரியர்கள் இதைக் கற்றுத்தரும்போது, உங்கள் துறை ‘பிளாஸ்டிக்’ என்ற சொல்லுக்குள் ரத்தத்தை வைத்துவிட்டது என்பதை நினைத்துக்கொள்.

கலையும் மருத்துவமும் இந்தச் சொல்லில் உண்மையாகவே ஒன்றுகூடிய இடம் முதல் உலகப் போர். பதுங்குகுழிக்கு மேலே தலை தெரிந்தவர்களுக்கு முகம் சிதைந்தது. ஹெரால்ட் கில்லிஸ் இங்கிலாந்தில் அவர்களுக்குச் சிகிச்சை செய்தார். 1917இல் சிட்கப் என்ற இடத்தில் அதற்கென்றே மருத்துவமனை திறந்தது. தோல் மடலைக் குழாயாகச் சுருட்டித் தைத்து ரத்த ஓட்டத்தைக் காக்கும் முறையை அவர் அங்கே பரவலாகக் கையாண்டார். அந்த முகங்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வண்ணக் கட்டிகளால் வரைந்தவர் ஹென்றி டாங்க்ஸ். அறுவைச் சிகிச்சை நிபுணராகத் தகுதி பெற்று, பிறகு கத்தியை வைத்துவிட்டு லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் ஆசிரியரானவர் அவர். புகைப்படத்தில் பிடிபடாத தசையின் சரிவும் நிறமும் அவர் படங்களில் பிடிபட்டன. அறுவையால் சரிசெய்ய முடியாதவர்களுக்குச் சிற்பிகள் முகமூடி செய்தார்கள். பாரிஸில் ஆனா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி, மெல்லிய செம்புத் தகட்டில் முகம் செய்து, அவரவர் தோல் நிறத்துக்கு வண்ணம் தீட்டினார். அந்த முகமூடி உருவை நிறுத்தியது. ஆனால் சிரிக்கவில்லை, வயதாகவில்லை. கில்லிஸ் அமைத்த முகம் கரடுமுரடாக இருந்தாலும் அந்த மனிதரோடு சேர்ந்து மூப்படைந்தது.

நம் ஊரில் இதற்கு இணையாகப் பார்க்க வேண்டுமென்றால் சுவாமிமலைக்குப் போ. ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவத்தை வடிக்கிறார்கள். தென்னங்குருத்து ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து, முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று அளவு எடுக்கிறார்கள். மெழுகின் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். விரலின் வளைவை மாற்ற வேண்டுமானால் மெழுகிலே மாற்றிக்கொள்ள வேண்டும். உலோகம் இறுகிய பிறகு உளியால் செதுக்கலாம், மெருகேற்றலாம். நிற்கும் நிலையை மாற்ற முடியாது. மூக்குக்கு இலை, சிலைக்கு ஓலை. மூக்குக்கும் மெழுகு, சிலைக்கும் மெழுகு. சிற்பத்தைப் பிளாஸ்டிக் கலை என்று ஐரோப்பியர் அழைத்ததற்குக் காரணம் இப்படி உருவேற்கும் பொருளில் கை வைப்பதுதான். ஆனால் பியட் மொந்திரியான் தம் ஓவியத்துக்கு ‘நியோ-பிளாஸ்டிசிசம்’ என்று பெயர் வைத்தபோது அதில் பிசைந்த பொருள் எதுவும் இல்லை. நேர்க்கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களும்தான். அவருக்கு அது உருவாக்கம் என்ற கருத்து மட்டுமே. ஒரு சொல் இவ்வளவு தூரம் நகர்ந்தும் உயிரோடு இருக்கும்.

மூளைக்கு வருவோம். உன் பாடப்புத்தகத்தில் வந்த சொல் இதுதான், மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவதும் இதற்குத்தான். 1890இலேயே வில்லியம் ஜேம்ஸ் தம் உளவியல் நூலில், தாக்கத்துக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு நெகிழ்ந்தும் ஒரேயடியாகச் சரிந்துவிடாத அளவுக்கு உறுதியாகவும் இருக்கும் அமைப்பைப் பிளாஸ்டிக் என்றார். பழக்கம் உண்டாவதற்கு அதைக் காரணமாகக் காட்டினார். மண்ணின் இரண்டு எல்லைகளும் அந்த விளக்கத்தில் இருப்பது உனக்குத் தெரிகிறதா?

இங்கே விசை என்பது அனுபவம். ஹூபெல், வீசெல் என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்த சில வாரங்களே ஆன பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைத் தைத்து மூடினார்கள். பிறகு திறந்தபோது கண் நன்றாகவே இருந்தது, ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் மிகக் குறைவாகவே இருந்தன. வளர்ந்த பூனையில் அப்படி ஆகவில்லை. 1981இல் நோபல் பரிசு பெற்ற அந்த ஆய்வுக்குப் பிறகுதான், குழந்தைக்குக் கண்புரை இருந்தால் தாமதிக்கக் கூடாது என்பதற்கு உறுதியான அறிவியல் காரணம் கிடைத்தது. அதனால், வயது கடந்தால் ஒன்றும் முடியாது என்று எடுத்துக்கொள்ளாதே. பவன் சின்ஹா நடத்திய ‘புராஜெக்ட் பிரகாஷ்’ திட்டத்தில், பிறவிக் கண்புரையோடு வளர்ந்த வட இந்தியச் சிறுவர்கள் எட்டு வயதுக்குப் பிறகு அறுவை செய்துகொண்டும் பலவற்றைப் பார்த்து அறியக் கற்றார்கள். நுண்ணிய பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அங்கே எல்லை ஒரு சுவரல்ல, சரிவு.

லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்தால்தான் உரிமம் கிடைக்கும். அவர்கள் மூளையில் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை எலினார் மக்வயர் 2000இல் காட்டினார். முன்பகுதி சிறிதாக இருந்தது. தெருக்களை அறிந்த அவர்கள், புதிய படங்களின் அமைப்பை நினைவில் வைக்கும் சில சோதனைகளில் பின்தங்கியதும் பின்னர் தெரியவந்தது. உருவேற்றதற்கு விலை இருந்தது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டபோது இல்லாத கையின் விரலில் தொடுவதுபோல அவர் உணர்ந்ததை 1992இல் எழுதினார். மூளையின் வரைபடத்தில் முகமும் கையும் பக்கத்துப் பக்கத்து நிலம். கை காலியானதும் முகம் எல்லை தாண்டி வந்துவிட்டது என்று விளக்கினார். பல ஆண்டுகள் இது பாடமாகவே இருந்தது. 2013இல் தமார் மேக்கின் குழுவினர் ஸ்கேன் செய்து பார்த்தபோது, இழந்த கையின் இடம் மூளையில் பெரிதும் அப்படியே இருப்பதைக் கண்டார்கள். ஒரே துறைக்குள்ளும் ‘மாறியது’ என்பதற்கு எந்தச் சோதனையை ஏற்பது என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் விளம்பரங்களில் வழக்கே கிடையாது: மூளை எப்படி வேண்டுமானாலும் மாறும், எங்கள் செயலியை வாங்கு! மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற ஒரு நிறுவனம், ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த புகாரைத் தீர்த்துக்கொள்ள 2016இல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்டியது. ஒரு சொல் அதன் சோதனையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே நடமாடினால் இப்படித்தான் விலைபோகும்.

இந்த எல்லாப் பொருள்களும் ஒரே மனிதரின் கைக்குள் வந்த இடம் வேலூர். பால் பிராண்ட் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டட வேலை பயின்றவர். 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை விரிக்கும் அறுவையைத் தொடங்கினார். நரம்பு செத்துப்போன தசைக்குப் பதிலாக, நன்றாக இயங்கும் வேறொரு தசையின் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்துவது அந்த அறுவை. தோலைத் தைத்தால் வேலை முடிந்துவிடாது. இதுவரை ஒரு விரலை மடக்கிய தசை இப்போது வேறு அசைவைச் செய்ய வேண்டும். அது மூளைக்குத் தெரியாது. நோயாளியிடம், ‘பழைய விரலை மடக்க நினையுங்கள்’ என்று சொல்லி, அந்த நினைப்பில் புதிய அசைவு வருவதைக் காட்டி, வாரக்கணக்கில் பழக்குவார்கள். ஒருநாள் அவர் எதையும் நினைக்காமலே டம்ளரைப் பிடிப்பார். வெட்டித் தைத்தது அறுவை அரங்கத்தில், உருவேற்றது பிசியோதெரபி அறையில். இரண்டுக்கும் பெயர் பிளாஸ்டிக்தான். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் டம்ளர் கீழே விழும்.

உனக்காகத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். ‘எதையும் தாங்கிப் பழைய நிலைக்குத் திரும்பு’ என்று உன் வயதினருக்கு எல்லோரும் சொல்கிறார்கள். துயரத்துக்கு அது பொருந்தும். படிப்புக்குப் பொருந்தாது. பரீட்சைக்கு முந்தைய இரவில் திணித்தது அடுத்த வாரம் பின்வாங்கிவிடும், கம்பியின் அந்தக் கொஞ்சம் போல. இன்று படித்ததை மூன்று நாள் கழித்தும், பத்து நாள் கழித்தும், புத்தகத்தை மூடி எழுதிப் பார். எது நிற்கிறதோ அதுதான் படித்தது. அதே நேரம், உன்னை வடிக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் இளகிக்கொண்டிருக்காதே. சீனியர், பேராசிரியர், நான் உட்பட, யார் சொன்னாலும், எல்லைக்கு மேலே தண்ணீர் விட்ட மண்ணில் எந்த உருவும் நிற்பதில்லை.

கலைச்சொற்களுக்கு ஒரு குறிப்பேடு வை. அகராதிப் பொருளுக்கு ஒரு வரி போதும். அதன் கீழே, இதை இங்கே எப்படி அளக்கிறார்கள், எல்லை என்ன, விலை என்ன என்று எழுது. ‘டோன்’, ‘ஸ்ட்ரெஸ்’, ‘கல்ச்சர்’, ‘டென்ஷன்’ எல்லாம் இதே போல வரிசையில் நிற்கின்றன. எல்லாவற்றையும் நானே எழுதி உன் வேலையைக் கெடுக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. சென்னைக்குப் பயிற்சிக்குப் போனால் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைப் பார்ப்பாய். தீப்பட்டு ஆறிய தோல் சுருங்கி, தாடை மார்போடு ஒட்டிப்போன ஒரு பெண்ணின் அம்மாவிடம், ‘பிளாஸ்டிக் சர்ஜரி செய்ய வேண்டும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடாதே. அது சினிமாக்காரர்கள் அழகுக்குச் செய்வது, பணம் படைத்தவர்களுக்கானது, மகளின் உடம்புக்குள் பிளாஸ்டிக்கை வைத்துவிடுவார்கள் என்றெல்லாம் அந்த அம்மா நினைக்கலாம். பயந்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம். பக்கத்தில் உட்கார்ந்து, தொடையிலிருந்து தோலை எடுத்துக் கழுத்தில் வைப்போம், வெளியிலிருந்து எதையும் வைக்க மாட்டோம், அதன் பிறகு கழுத்துப்பட்டை போட்டுப் பல மாதம் பயிற்சி செய்ய வேண்டும், செய்தால் தலையை நிமிர்த்திச் சோறு உண்ண முடியும் என்று சொல். அவர் அதைத் தம் வாயால் உனக்குத் திருப்பிச் சொல்லும் வரை எழுந்திருக்காதே.

அன்புடன்,
மாமா